சூடேறாத வண்டி

காதுக்காரருக்கு அந்தப் பெயர் வந்தது காது பெரிதாக இருந்ததால் அல்ல. வண்டியை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். கண் தானாக மூடிக்கொள்ளும். பிறகு வால்வு தட்டுகிறது என்பார், செயின் தளர்ந்திருக்கிறது என்பார், சிலரிடம் மட்டும் 'உன் மனசுதான் தட்டுது, எடுத்துட்டுப் போ' என்பார். பெரும்பாலும் சொன்னது சரியாகவே இருக்கும். நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. இன்ஜின் பேசினால்தான் அண்ணனுக்குக் காது கேட்கும், மனுஷர் பேசினால் கேட்காது என்று தங்கை கேலி செய்வாள்.

அந்தத் தங்கை வீட்டு வண்டிதான் இப்போது அவருக்குப் பிடிபடாமல் போக்குக் காட்டியது.

அந்த வருஷம் குளிர் முன்னதாகவே வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. ஒன்பது மணிவரை எதிர்வீட்டுச் சுவர் தெரியாது. தெருவில் யாரோ இருமுவது கேட்கும், யார் என்று தெரியாது. காதுக்காரர் ஸ்பேனர்களை ஸ்டவ் ஓரமாக அடுக்கிச் சூடாக்கித்தான் கையில் எடுத்தார். வருகிற வண்டியெல்லாம் ஸ்டார்ட் ஆகாத வண்டி. உதைத்து உதைத்துக் கால் வீங்கியவர்கள் வாசலில் வரிசைகட்டி நின்றார்கள்.

குளிர் தொடங்கி இரண்டு வாரம் போன பிறகு தங்கை புருஷனும் அப்படித்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் காகித மில்லில் பாய்லர் பார்ப்பவன். மில் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். ஆறேகாலுக்குக் கிளம்பி எட்டு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேருவான், இருட்டுகிற நேரத்தில் திரும்புவான். காதுக்காரர் ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். மூடியின் அடிப்பக்கம் வெண்ணெய் தடவியது போல வெள்ளையாக அப்பியிருந்தது. அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றினார். முதலில் ஒரு கரண்டித் தண்ணீர் தெளிவாக வந்தது. அதற்குப் பின்னால் பால் அதிகமாக ஊற்றிய டீயின் நிறத்தில் ஆயில் வந்தது.

காற்றிலேயே குளிர்கிற இன்ஜின் அது. அதற்குள் தண்ணீருக்கு ஒரு வேலையும் கிடையாது. வண்டியை ஹோஸ் வைத்துக் கண்டபடி கழுவினீர்களா என்று காதுக்காரர் மாப்பிள்ளையைக் கேட்டார். ஆமாம் என்றான் மாப்பிள்ளை. நீட்டிய கையைப் பிடித்துக்கொள்கிறவன் போல அந்த ஆமாமைச் சட்டென்று சொன்னான். காதுக்காரர் அதைக் கவனித்தார், கவனித்ததோடு விட்டுவிட்டார். புது ஆயில் ஊற்றி, ஜாயின்ட்டுகளை மாற்றி, இனிமேல் துணியால் துடைத்தால் போதும் என்று ஒரு பாட்டுப் பாடி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை வண்டி மறுபடியும் வந்தது. மாப்பிள்ளை வரவில்லை, வண்டியை வாசலில் நிறுத்திச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். மூடியைத் திறந்தால் அதே வெள்ளை.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் கை வைத்த இன்ஜின் பத்து நாளில் இப்படி ஆவதா? ஸ்டவ்வைப் பற்றவைத்து, அதன்மேல் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டுப் பழுக்கவிட்டார். நல்ல ஆயில் ஒரு சொட்டு விட்டால் சத்தமில்லாமல் புகையும். இந்த ஆயிலை விட்டதும் தகடு படபடவென்று வெடித்தது. இன்னொரு சொட்டு விட்டார். மறுபடியும் அதே படபடப்பு. குளிருக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்த அறையில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அவசரமாக எதையோ சொல்வது போல இருந்தது. காதுக்காரர் தன்னை அறியாமல் குனிந்து காதைக் கொடுத்தார்.

குளிர்ந்த கண்ணாடியில் வாய்வைத்து ஊதினால் ஈரம் படிகிறதே, அதுதான் இன்ஜினுக்குள்ளும் நடக்கிறது. ஓடுகிறபோது உள்ளே உண்டாகிற ஆவி, நிறுத்தினதும் குளிர்ந்த இரும்பில் வியர்வையாக இறங்கி ஆயிலில் கலக்கும். அரைமணி, முக்கால் மணி விடாமல் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடேறி, அந்தத் தண்ணீர் ஆவியாகி மேலே இருக்கிற சிறு குழாய் வழியாகப் போய்விடும். தினமும் போக நாற்பதும் வர நாற்பதுமாக எண்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் ஒரு சொட்டுகூடத் தங்காது. தங்கியிருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான். இந்த வண்டி சூடேறுவதே இல்லை. காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம். அதற்குமேல் இது எங்கேயும் போகவில்லை.

மீட்டரைப் பார்த்தார். அதன் கேபிள் அறுந்து இரண்டு வருஷம் ஆகிறது, முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. டேங்க்கைத் திறந்து பார்த்தார். முக்கால்வாசி பெட்ரோல் அலையடித்தது. 'அண்ணன் கைபட்ட பிறகு பெட்ரோல் நல்லாத் தாங்குதாம்' என்று தங்கை நாலு நாள் முன்னால் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. காதுக்காரர் ஒரு சாக்கை இழுத்துப்போட்டு வண்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அவன் தினமும் கிளம்புகிறான். தினமும் திரும்புகிறான். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் எங்கே இருக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவருக்குத் தங்கை வீட்டில்தான். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஒரு கூடமும் ஒரு அறையும் சமையலறையுமாக ஒட்டுக்குடித்தன வீடு. தங்கை சுடச்சுடச் சோறு வைத்தாள். சோற்று ஆவியில் சமையலறைக் கண்ணாடியெல்லாம் வெளுத்து ஈரம் வழிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வயதுப் பெண் குழந்தை அந்த ஈரத்தில் விரலால் வட்டம் போட்டது. மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். பாய்லர்க்காரனுக்கு நகக்கண்ணில் எப்போதும் ஒரு கரிக்கோடு இருக்கும், எந்தச் சோப்புக்கும் அசையாது. இப்போது நகம் குழந்தை நகம் போல இருந்தது.

"சட்டைக் காலர்ல இப்பல்லாம் கரியே இல்லண்ணே," என்றாள் தங்கை. "ஆபீஸ்ல உக்கார வச்சுட்டாங்களான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நல்ல விஷயத்தைக்கூடச் சொல்லாத மனுஷன். நீயாவது கேளு."

காதுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தங்கை முகத்தில் இருந்த சந்தோஷம் அவரை என்னவோ செய்தது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளுக்குத் தலைவாரி விட்டவர் அவர். மில்லில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வராதவன் பேரை எடுத்துவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். பேரை எடுத்தால்கூட வேறு வேலை பார்க்கலாம். ஆனால் இவன் எதற்காக இப்படி ஆனான்? வேறு பெண் சகவாசமா? அப்படியென்றால் முகத்தில் ஒரு மினுக்கு இருக்கும். இவன் முகம் தண்ணீரில் ஊறின காகிதம் போல இருந்தது. கேட்கலாம் என்று வாயெடுத்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். கேட்காதீர்கள் என்று கெஞ்சுகிற பார்வை. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஆயிலை மாற்றாமல் அப்படியே வண்டியை மாலையில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே சைக்கிளோடு தங்கை தெரு முனையில் நின்றார். கை தெரிகிற தூரத்துக்குமேல் எல்லாம் வெள்ளை. வண்டி நாலாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. மாப்பிள்ளை அவரைக் கடந்து போனதை அவர் பார்க்கவில்லை, கேட்டார். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே மிதித்தார். கடைத்தெருவைத் தாண்டியது, கால்வாய்ப் பாலம் ஏறியது, கடைசி வீடுகளும் முடிந்தன. சத்தம் சன்னமாகிக்கொண்டே போயிற்று. இனித் தன்னால் பிடிக்க முடியாது, வண்டி மில்லுக்குத்தான் போகிறதோ, தான்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று அவர் சந்தோஷப்பட்ட நொடியில் சத்தம் நின்றது. தூரத்தில் தேய்ந்து மறைந்தால் அது வேறு மாதிரி. இது சாவியைத் திருப்பி நிறுத்தினது.

சைக்கிளை விட்டு இறங்கினார். வெள்ளைக்குள் ஒரு சத்தமும் இல்லை. கால்வாய்த் தண்ணீர்கூட அன்றைக்கு ஓடவில்லை போலிருந்தது. அவர் பேய் பிசாசு என்று பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யாராவது எதிரே வந்தால் தேவலை என்றும் தோன்றியது, யாரும் வந்துவிடக் கூடாது என்றும் தோன்றியது.

இன்னும் சற்றுத் தள்ளி லாரிகளை எடைபோடுகிற பழைய மேடை ஒன்று இருக்கிறது. எடை நின்று பல வருஷம் ஆகிவிட்டது, கொட்டகை மட்டும் மிச்சம். வண்டி அதன் சுவரோரம் நின்றது. மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிள் வருகிற சத்தம் கேட்டும் அவன் வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் காலைத்தான் பார்த்தான். பிறகே நிமிர்ந்தான்.

"உக்காருங்க மச்சான்," என்றான், வீட்டுக்கு வந்தவரைச் சொல்வது போல.

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு காதுக்காரருக்கு மறந்துபோயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். இருபத்திரண்டு நாள் என்றான். யாரையாவது பார்க்க வருகிறீர்களா என்று கேட்டார்.

"பாக்கத்தான் வர்றேன். அவரு இன்னும் வரல."

பிறகு அவன் சொன்னான். விட்டுவிட்டுச் சொன்னான். நடுநடுவே ரோட்டில் யாராவது நடந்து வந்தால் பேச்சை நிறுத்தி, அவர்கள் கடந்து போகிறவரை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

குளிர் இறங்கிய முதல் வாரத்தில் ஒரு நாள், இதே எடை மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் கை காட்டினார். தலையோடு போர்த்திய சாம்பல் நிறப் போர்வை. எதுவரைக்கும் என்று கேட்டதற்கு, நீங்க போற வரைக்கும் என்றார். ஏறிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் பேசினது. பனியில் வண்டி மெதுவாகத்தான் போயிற்று. அந்த வாரத்தில் இவன் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். இவன் போய் நின்றால்தான் ராத்திரி ஷிப்டுக்காரர் பாய்லரை விட்டு நகர முடியும். அவர் இவனைப் பெற்றவர்களையெல்லாம் இழுத்துத் திட்டியிருந்தார். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட். திறந்திருந்தது. தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது வண்டி தூக்கிப் போட்டது.

"அப்புறம் வண்டி லேசாச்சு மச்சான்."

"லேசாச்சுன்னா?"

"லேசாச்சு. பின்னால பாரம் இல்ல. எனக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

"மணி ஏழரை. மில்லு வாசல்ல போய்ப் பாத்துக்கலாம்னு முறுக்கிட்டேன்." சற்று நேரம் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தான். "பாத்தேன். சீட்டு ஈரமா இருந்துச்சு. ஆள் இல்ல."

சாயங்காலம் திரும்பி வரும்போது போய்த் தேடியிருக்கலாமே என்று காதுக்காரர் கேட்க நினைத்தார். கேட்கிற சிரமத்தை மாப்பிள்ளை வைக்கவில்லை.

"சாயங்காலம் அதே கேட்டுக்கிட்ட நின்னாரு. அதே போர்வை. ரெண்டு கையையும் தூக்கிட்டு நடுரோட்டுல நின்னாரு. வாயத் தொறந்து என்னமோ சொல்றாரு. எனக்குக் காதுல விழல. நான் அவரைச் சுத்திட்டு வந்துட்டேன்."

"ஆளுதானே மாப்ள?"

"காலையில விழுந்தவரு இந்தக் குளிர்ல சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிப்பாரா? நீங்களே சொல்லுங்க."

மறுநாளிலிருந்து இந்த எடை மேடையைத் தாண்ட வண்டி வரமாட்டேன் என்கிறது என்றான் மாப்பிள்ளை. வண்டி நன்றாகத்தான் வருகிறது, தன் கைதான் முறுக்க மாட்டேன் என்கிறது என்று உடனே திருத்தினான். அப்புறம் இங்கே ஏன் உட்கார வேண்டும் என்றால், அந்த மனிதர் உயிரோடு இருந்தால் ஊருக்குத் திரும்ப வேறு வழி இல்லை, நடந்தாவது இந்தப் பாலத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். வண்டியில் ஏறும்போது இவன் சரியாகப் பார்த்தது அவருடைய காலைத்தான். கட்டை விரலில் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. அதனால் வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் இருபத்திரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"கை மரத்துப் போயிருக்கும் அவருக்கு," என்றான் மாப்பிள்ளை. "பின்னால பிடிச்சுக்கக் கம்பி இருந்திருந்தா..." என்று தொடங்கி, சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

காதுக்காரர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிடிகம்பி அவருடைய ஒர்க்‌ஷாப்பில் மேஜைக்கு அடியில் கிடந்தது. விரிசல் விட்டதை வெல்டிங் வைக்கிறேன் என்று மழைக்காலத்தில் கழற்றியவர் அவர்தான். பற்றவைத்தும் ஆயிற்று. மாட்டுவதுதான் பாக்கி. 'தனியாப் போற ஆளுக்குக் கம்பி எதுக்கு மாப்ள, அடுத்த தடவை வர்றப்ப பாத்துக்கலாம்' என்று ஆயில் மாற்றின அன்றைக்குக்கூடச் சொன்னார். எண்ணிப் பார்த்தால், அது அந்த மனிதர் விழுந்த பிறகு. அப்போதுகூட இவன் வாய் திறக்கவில்லை. இத்தனை நாளும் தன் மேல் பழி சொல்லாமல் இருந்திருக்கிறான் என்று தெரிந்தபோது, அவருக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

காதுக்காரர் வண்டியைக் காட்டினார். "வண்டிக்கு நான் ஆயில் மாத்தல மாப்ள. மாத்துனா மறுபடியும் வெளுக்கத்தான் போகுது. நிக்காம நாப்பது கிலோமீட்டர் ஓடணும். உள்ள இருக்கற தண்ணி அப்பத்தான் போகும்."

பாய்லர்க்காரனுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நீராவிக் குழாயில் தண்ணீர் தேங்கினால், உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போலக் குழாய் முழுக்கச் சத்தம் போடும் என்றும், தண்ணீரை வடிக்காமல் வால்வைத் திறக்கக் கூடாது என்றும் அவனே முன்பு அவருக்குச் சொன்னவன். தலையை ஆட்டினான். எழுந்திருக்கத்தான் இல்லை.

"நான் ஓட்டுறேன். நீங்க பின்னால உக்காருங்க," என்றார் காதுக்காரர். "அங்க என்ன இருந்தாலும் ரெண்டு பேரும் பாப்போம்."

முதலில் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார்கள். மேஜைக்கு அடியிலிருந்து கம்பியை இழுத்து, தூசியைக்கூடத் துடைக்காமல் நாலு போல்ட்டிலும் முடுக்கினார். முடுக்கிய பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். தேவைக்கு மேல் பலமாக இழுத்தார். மாப்பிள்ளை ஷட்டர் ஓரம் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

எடை மேடையைத் தாண்டியபோது பின்னால் இருந்தவன் மூச்சு நின்று வருவது அவர் முதுகுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. ரோட்டோரத்துக் கால்வாயும் மரங்களும் அந்தந்த இடத்தில் இருக்கத்தான் வேண்டும், கண்ணுக்கு அகப்படவில்லை. வண்டி ஓடுகிறதா ஒரே இடத்தில் நின்று உறுமுகிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. புருவத்தில் பனி கோத்து நின்று கண்ணுக்குள் சொட்டியது. பத்து கிலோமீட்டருக்குள் தொடை மரத்து, இடுப்புக்குக் கீழே எதுவும் தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பின்னால் ஆள் இருக்கிறானா?

முதுகில் பாரமும் இல்லை, சூடும் இல்லை. கை பின்னால் போக மறுத்தது. கையை எடுத்துத் தடவி, அங்கே வெறும் சீட்டு இருந்துவிட்டால்?

"மாப்ள," என்றார்.

பதில் இல்லை. காற்றில் போயிருக்கும் என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டார். இன்ஜின் மட்டும் ஓடியது. மூன்றாவது தடவை அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல ஒலித்தது.

"ம்," என்றது பின்னால்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பனித் தண்ணீரோடு அதுவும் சேர்ந்து வழிந்தது நல்லதாயிற்று.

அதற்குப் பிறகு வண்டியின் சத்தம் மாறத் தொடங்கியது. அதுவரை தொண்டையில் சளி கட்டியது போல ஓடிக்கொண்டிருந்தது, உருண்டு திரண்டு சீராக வந்தது. முழங்காலுக்கிடையில் இன்ஜின் சூடு ஏறுவது தெரிந்தது. மேலே இருக்கிற சிறு குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிப் பனியோடு கலந்தது. காதுக்காரருக்கு அந்த நிலையிலும் ஒரு திருப்தி. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது மாப்பிள்ளையின் விரல்கள் அவர் விலாவில் புதைந்தன.

எதிரே நடுரோட்டில் ஒரு உருவம் நின்றது. தலையோடு போர்த்தியிருந்தது. ஒரு கையை உயரத் தூக்கியிருந்தது.

"சுத்திட்டுப் போங்க மச்சான்," என்றான் மாப்பிள்ளை. கெஞ்சவில்லை. வழி சொல்கிறவன் போல அமைதியாகச் சொன்னான். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

காதுக்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கிக் குறுக்கே திரும்பி, உருவத்துக்கு நாலடி முன்னால் நின்றது. உருவத்தின் கையில் சிவப்புக் கொடி இருந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் முகம் அவர்களைத் திட்டியது. கேட் மூடியிருப்பது கண்ணில் படவில்லையா, பனிக்காலத்தில் இதற்காகவே ரோட்டில் வந்து நிற்கவேண்டியிருக்கிறது, நாளைக்குத் தன் தலையில்தான் விடியும் என்று விடாமல் பேசினாள். கேட் கீப்பர். ரயில் வந்தது. பெட்டி எதுவும் தெரியவில்லை, தரை மட்டும் அதிர்ந்தது. போய் முடிந்த பிறகும் அவள் கேட்டைத் திறக்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேனே," என்றாள்.

காதுக்காரர் மெதுவாக விசாரித்தார். மூன்று வாரம் முன்னால், ஒரு காலை நேரம், சாம்பல் நிறப் போர்வை. அவர் முடிப்பதற்குள் அவள் தலையாட்டினாள்.

"ஆமா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்து எந்திரிச்சு வந்தாரு. முழங்கையில சிராய்ப்பு. நான்தான் துணி கட்டி டீ குடுத்தேன். கை மரத்துப்போச்சு, பிடி விட்டுட்டேன்னு அவரே சிரிச்சாரு."

மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கினான். கம்பியைப் பிடித்துக்கொண்டான். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டான். சிராய்ப்புக்கு யாராவது சாவார்களா என்றாள் அவள்.

"ஆனா போகச் சொன்னா போகல. அந்தக் கல்லுல உக்காந்துட்டாரு. ஓட்டிட்டுப் போன தம்பி எங்கயாவது திரும்பிப் பாத்துட்டுப் பதறிப் போயிடுவாரு, எப்படியும் இந்த வழியாத்தான் திரும்பி வருவாரு, நான் நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்னாரு. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கல்லை விட்டு அசையல. குளிர்ல உதடு நீலம் பூத்துப்போச்சு."

"அப்புறம்?" என்றார் காதுக்காரர். அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார்.

"சத்தம் கேட்டதும் இதே வண்டிதான்னு எந்திரிச்சு ஓடுனாரு. கையைத் தூக்கிட்டு, நல்லாருக்கேன் தம்பி, நல்லாருக்கேன்னு கத்துறாரு. வண்டி அவரைச் சுத்திட்டுப் போயிடுச்சு." அவள் கொடியைச் சுருட்டினாள். "ரொம்ப நேரம் ரோட்டையே பாத்துட்டு நின்னாரு. 'என்னைப் பாத்தாரும்மா'ன்னாரு. அவ்வளவுதான். மில்லுல வேலை கேக்கலாம்னு வந்த மனுஷன், அதுவும் வேண்டாம்னு மறுநாள் ரயில் ஏறிட்டாரு."

அவர் பேர், ஊர் எதுவும் அவள் கேட்டுவைக்கவில்லை. யாருக்கு உபயோகப்படப் போகிறது என்று நினைத்தாளாம்.

மாப்பிள்ளை அந்தக் கல்லருகே போனான். உட்காரவில்லை, பக்கத்தில் குந்திக்கொண்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். உயிர் போகவில்லை, கொலை இல்லை, பேயும் இல்லை. இருபத்திரண்டு நாள் பாரம் இறங்கினவன் முகம் அப்படி இருக்கக் கூடாது. பேயாக இருந்திருந்தால் தேவலை என்கிற முகம் அது. காதுக்காரருக்கு அவனை ஓங்கி அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நின்றார். வீட்டில் இருக்கிற தங்கை நினைவுக்கு வந்தாள். இவனை இப்படியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போனால், நாளைக்கும் அந்த எடை மேடையில்தான் உட்காருவான். இப்போது யாருக்காக என்றுகூட இல்லாமல்.

"மாப்ள, மில்லுக்கு இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர்," என்றார். "நீங்க ஓட்டுங்க."

அவன் எழுந்து வந்து முன்னால் உட்கார்ந்தான். கேட் கீப்பர் கேட்டை உயர்த்தினாள். அவன் கிளட்சைப் பிடித்தபடியே நின்றான்.

"மச்சான், பேசிட்டே வாங்க."

"என்ன பேச?"

"ஏதாவது. நிறுத்தாமப் பேசுங்க."

காதுக்காரர் ஜென்மத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசினவர் இல்லை. தண்டவாளத்தைத் தாண்டும்போது, மெதுவா, மெதுவா என்றார். பிறகு தங்கை சின்ன வயதில் கிரீஸை வாரித் தலையில் தேய்த்துக்கொண்ட கதையைச் சொன்னார். அதைக் கழுவ மண்ணெண்ணெய் தேடி அலைந்ததைச் சொன்னார். ஊரில் யார் யார் வண்டிக்கு என்னென்ன வியாதி என்று சொன்னார். மூச்சு வாங்க நிறுத்தினார். உடனே வண்டி வேகம் குறைந்து ஓரம்கட்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு விறைத்து, காத்துக்கொண்டிருந்தான். இருக்கேன் மாப்ள, இருக்கேன் என்றதும் வண்டி நகர்ந்தது. அப்படி நாலு தடவை ஆயிற்று. கதை தீர்ந்துபோன பிறகு அவர் ஸ்பேனர் நம்பர்களைச் சொல்ல ஆரம்பித்தார். எட்டு ஒன்பது, பத்து பதினொண்ணு, பன்னெண்டு பதிமூணு. முடிந்ததும் முதலிலிருந்து சொன்னார். பனிக்காற்று வாய்க்குள் புகுந்து தொண்டையை அறுத்தது. கடைசி மூன்று நாலு கிலோமீட்டர் அவர் வாயிலிருந்து வந்தது பேச்சு இல்லை, வெறும் கரகரப்பு.

மில் வாசலில் வண்டி நின்றது. ஷிப்டு மாறி வெகுநேரம் ஆகியிருந்தது, வாசலில் யாரும் இல்லை. உள்ளே எங்கோ பாய்லர் பெருமூச்சு விட்டது. காதுக்காரர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தரையில் இறக்கினார். வந்துட்டோம் மாப்ள, இறங்கிட்டேன் என்றார். குரல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். காற்றுதான் வந்தது.

மாப்பிள்ளை இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அடுத்த சொல் வரட்டும் என்று காத்திருந்தான்.

காதுக்காரர் வண்டியைச் சுற்றி வந்து அவனுக்கு முன்னால் நின்றார். அவன் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பினான்.